நேற்று ஓடிய கம்பியூட்டர் இன்று ஏன் எழும்பவில்லை?

(தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக இந்த மண்டபத்தில் நாங்கள் பேசுவது குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, சேமலாப நிதிப் படிவம் இப்படியான விடயங்கள். இன்றைக்குக் கம்பியூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சில பேர் சிரித்தீர்கள். பரவாயில்லை, சிரிக்கலாம். ஆனால் கம்பியூட்டர் ரிப்பேருக்குக் கடன் வேண்டும் என்று சொல்லி எங்கள் ஒபிசுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நகையை அடகு வைக்கிற அளவுக்குப் போனால் அது நலன்புரி விடயம்தான். அதனால்தான் இந்தப் பேச்சு.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் லயங்களுக்குள் கம்பியூட்டர் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. புதுசு இல்லை. கொழும்பில் கம்பெனிகள் பாவித்துவிட்டுக் கழித்த மெஷின்கள். டெல், எச்பி, லெனோவோ என்று பேர் போட்ட கறுப்புப் பெட்டிகள். நல்ல உறுதியான பெட்டிகள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசப் பழசு. உள்ளே 4 ஜீபீ ராம், சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் தேத்தண்ணி ஊத்திக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே பிள்ளைகள் ராமைக் கூட்ட வேண்டும், எஸ்எஸ்டி போட வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பதில் பிழை இல்லை. ஒரு பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய செலவில் எஸ்எஸ்டிக்குப் போடும் காசுதான் பிரயோசனமான காசு என்று நாங்களும் சொல்வோம். ஆனால் ஒரு விசயம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கம்பெனியின் வழமையான பராமரிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு சில கடைகளில் "ராமைக் கூட்டினால் வின்டோஸ் 11 போடலாம்" என்று சொல்லி விற்கிறார்கள். இது பாதி உண்மை. வின்டோஸ் 11க்கு முறைப்படி கேட்கப்படுவது ராம் மட்டும் இல்லை. இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும், டீபீஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ராமை எவ்வளவு கூட்டினாலும் பழைய புரொசசர் புதுசாகாது. காசைக் கொடுக்க முந்தி இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, விடயத்துக்கு வருவோம். புதிய சாமானைப் போட்டாச்சு. மூடியை மூடியாச்சு. சுவிட்சை அமத்தினால் கம்பியூட்டர் எழும்பவில்லை. இப்போது என்ன செய்வது?

ஸ்டோரில் வேலை செய்யும் ஒரு ஐயாவின் கதையைச் சொல்கிறோம். பேர் வேண்டாம், அவரும் இங்கேதான் இருக்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். தீபாவளி முற்பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு 8 ஜீபீ ராம் வாங்கினார். சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைப் பூட்டினான். சுவிட்சைப் போட்டதும் காற்றாடி சுத்தியது, திரை கறுப்பாகவே இருந்தது, உள்ளே இருந்து பீப், பீப் என்று சத்தம். பயந்துபோய் மறுநாளே பெட்டியைச் சாக்கில் சுத்தி, பஸ்ஸில் ஏற்றி, டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இடத்தில் மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போட் போயிருச்சு, மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையைச் சொன்னார்களாம். ஐயாவுக்கு அது ஒரு மாசத்துச் சம்பளத்துக்கு மேல். அவர் கடனுக்குக் கடிதம் கேட்டு எங்களிடம் வந்தார். கூட வந்த அம்மா காதுத் தோட்டைத் தொட்டபடியே நின்றார்கள்.

நாங்கள் கேட்டது மூன்று கேள்வி. அதற்கு முந்தின நாள் மெஷின் ஓடியதா? ஓடியது. இடையில் என்ன செய்தீர்கள்? ராம் போட்டோம். அந்த ராமைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தீர்களா? அதற்குப் பதில் வரவில்லை. டவுனிலும் யாரும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் இதோ இந்த மேசையில்தான் பெட்டியைத் திறந்தோம். பையன் ராமின் ஒரு பக்கத்தை மட்டும் அமத்தியிருக்கிறான். மற்றப் பக்கம் ஒரு நெல்லளவு மேலே நின்றது. கழற்றி, பழைய ராமை மட்டும் வைத்துப் போட்டால் கம்பியூட்டர் எழும்பிவிட்டது. பிறகு புதியதையும் ஒழுங்காகப் போட்டோம். செலவு ஒரு சதமும் இல்லை.

டவுனில் ரிப்பேர் செய்பவர்கள் எல்லோரையும் நாங்கள் குறை சொல்லவில்லை. நல்ல கைகாரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பதே "கடைசியாக என்ன மாத்தினீங்க?" என்றுதான். அதைக் கேட்காமல் விலை சொல்பவரிடம் மட்டும் கொஞ்சம் கவனம்.

ஸ்டோரில் வேலை செய்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ரோலருக்குப் புது பெல்ட் போட்டு, அன்றைக்கே ரோலர் சுத்தவில்லை என்றால், ரோலர் செத்துப்போச்சு என்று யாராவது சொல்வார்களா? பெல்ட்டைத்தானே பார்ப்பார்கள். கம்பியூட்டரும் அப்படித்தான். நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை. நேற்றுக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியதோ அதுதான் முதல் சந்தேகம். போட்டதைக் கழற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒருதரம் போட்டுப் பார்க்கணும். எழும்பினால் மெஷின் நல்லாத்தான் இருக்கு. புதிய சாமானோ, அதைப் பூட்டிய விதமோதான் பிழை.

பெட்டியைத் திறக்க முந்தி சில எச்சரிக்கைகள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, சுவரில் இருந்து பிளக்கையே கழற்றணும். கழற்றிய பிறகு முன்னால் உள்ள பவர் பட்டனை ஒரு பத்து செக்கன் அமத்திப் பிடிங்க. உள்ளே மிஞ்சி நிற்கும் மின்சாரம் வடிந்துவிடும். இடி முழக்க நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். நம்ம பக்கம் குளிர், எல்லோரும் சுவெட்டர் போட்டிருப்போம். கம்பளிச் சுவெட்டரைக் கழற்றும்போது படபட என்று பொறி தெறிக்குமே, அந்தப் பொறி ராமுக்கு ஆகாது. சுவெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியின் இரும்புப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்க. ராமை ஓரத்தில் பிடிக்கணும், தங்க நிறப் பல்லில் கை படக்கூடாது.

இன்னொன்று, கரண்ட் வயர் வந்து சொருகுகிற அந்தச் சதுரப் பெட்டி, பவர் சப்ளை என்பார்கள், அதன் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கக்கூடிய மின்சாரம் நிற்கும். சில பழைய பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று எழுதிய ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருக்கும். நம்ம நாட்டு மின்சாரம் 230. அந்தச் சுவிட்சைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக 115க்குத் தள்ளிவிட்டால், கரண்டைக் கொடுத்ததும் டப்பென்று போய்விடும். அது 230இல் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி மெஷினின் குணத்தைப் பார்ப்போம். அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதில்தான் விடை இருக்கு.

சுவிட்சைப் போட்டும் லைட்டும் இல்லை, காற்றாடியும் இல்லை என்றால், முதலில் பிளக்கில் கரண்ட் இருக்கா என்று போன் சார்ஜரைக் குத்திப் பாருங்க. பவர் சப்ளையின் பின்னால் இன்னொரு சுவிட்ச் இருந்தால் அது போட்டிருக்கா என்று பாருங்க. பிறகு உள்ளே. ராம் போடும்போது கை பட்டு, மதர்போட்டுக்குப் போகும் பெரிய வயர்க்கொத்து கழன்றிருக்கும். புரொசசருக்குப் பக்கத்தில் நாலு அல்லது எட்டுப் பல்லுள்ள சின்னக் கொத்து ஒன்றும் உண்டு, அதையும் அமத்தி விடுங்க. அமத்தும் பட்டனில் இருந்து வரும் மெல்லிய வயர் கழன்றாலும் மெஷின் செத்த மாதிரியே கிடக்கும்.

காற்றாடி சுத்துது, பீப் சத்தம் வருது, அல்லது சத்தமே இல்லாமல் திரை கறுப்பு என்றால், பெரும்பாலும் ராம். பீப் எத்தனை தரம், நீளமா குறுக்கமா என்று கொப்பியில் எழுதிக்கொள்ளுங்க. கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும், ஆனால் ரிப்பேர்காரருக்கு அது பெரிய உதவி. எல்லா ராமையும் கழற்றிவிட்டு, பழையது ஒன்றை மட்டும், அது முந்தி இருந்த அதே குழியில் போடுங்க. டிக் என்று கொளுக்கி தானாகப் பூட்டும் வரைக்கும் இரண்டு பக்கமும் சமமாக அமத்தணும். பழையதோடு எழும்பினால், அடுத்தது புதியதை மட்டும் போட்டுப் பாருங்க. பிறகு இரண்டையும் சேர்த்து. மழைக்கால ஈரத்தில் அந்தப் பல்லில் ஒரு மங்கல் பிடிப்பதுண்டு. பிள்ளைகளின் சுத்தமான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுப் போட்டால் சில நேரம் சரியாகிவிடும். மண்ணெண்ணெய், தண்ணி ஒன்றும் வேண்டாம். இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கு.

ராமில் ஜாதி உண்டு. டீடீஆர் 3, டீடீஆர் 4 என்று. முன்னதற்கு 240 பல், பின்னதற்கு 288. நடுவில் உள்ள வெட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றின் குழியில் மற்றது இறங்காது. இறங்காததைப் பலத்தால் இறக்கப் போனால்தான் உண்மையிலேயே மதர்போட் போகும். ஆகவே வாங்கப் போகும்போது பழைய ராமைக் கழற்றி, ஒரு கடுதாசியில் சுத்திக் கையோடு கொண்டுபோங்க. "எட்டு ஜீபீ தாங்க" என்று வாயால் கேட்டு வாங்காதீங்க. மடிக்கணனியின் ராம் கட்டையானது, அது வேறு.

டெல் மெஷின்களில் இன்னொரு வேடிக்கை. ராமை மாற்றியதும் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வசனம் வரும். நினைவகத்தின் அளவு மாறியிருக்கிறது என்று அர்த்தம். அது பிழை இல்லை, ஒரு அறிவித்தல் மாதிரி. எப் 1 பட்டனை அமத்தினால் தொடர்ந்து போகும். இரண்டு நாளாக அந்த வசனத்தைக் கண்டு பயந்து, திரும்பத் திரும்ப நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வீடு நம்ம தோட்டத்திலேயே இருக்கு. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கணும். ஆங்கிலம் விளங்கவில்லை என்றால் போனால் ஒரு படம் எடுத்து, விளங்கக்கூடிய பிள்ளையிடம் காட்டுங்க.

கிரபிக்ஸ் கார்ட் என்று ஒன்றைப் போட்டவர்கள், திரைக்குப் போகும் வயரைப் பழைய இடத்திலேயே குத்திவிட்டுப் படம் வரவில்லை என்பார்கள். கார்ட் போட்டால் வயரைக் கார்ட்டில்தான் குத்தணும். அவ்வளவுதான்.

அடுத்தது, கம்பெனியின் பேர் திரையில் வருது, அதற்குப் பிறகு வின்டோஸ் வரவில்லை, துவக்குவதற்கு டிஸ்க் இல்லை என்று ஒரு வசனம் வருது. இது எஸ்எஸ்டி போட்ட வீடுகளில் வரும் வருத்தம். முதலில் பென் டிரைவ் ஏதாவது குத்தியிருந்தால் கழற்றுங்க, சில நேரம் மெஷின் அதில்தான் வின்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். பிறகு டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வயரையும் பாருங்க. ஒன்று கரண்டுக்கு, ஒன்று தகவலுக்கு. இரண்டும் சரி என்றால் பயோஸ் என்ற இடத்துக்குப் போகணும். மெஷின் எழும்பும்போதே டெல் என்றால் எப் 2, எச்பி என்றால் எப் 10, லெனோவோ மேசைக் கம்பியூட்டர்களில் அநேகமாக எப் 1 பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கணும். அங்கே எந்த டிஸ்க்கில் இருந்து துவங்கணும் என்ற வரிசை இருக்கும். வின்டோஸ் இருக்கிற டிஸ்க்கை முதலாவதாக வைத்து, சேமித்துவிட்டு வெளியே வாங்க. மற்ற எதையும் தொட வேண்டாம். தொடுவதாக இருந்தால் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்க.

மதர்போட்டில் ஒரு ரூபாக் குற்றி மாதிரி ஒரு வெள்ளிப் பற்றரி இருக்கும். சீஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். பிளக்கைக் கழற்றினாலும் மெஷினின் நேரத்தையும் பயோஸ் ஒழுங்குகளையும் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். பல வருசம் ஸ்டோர் ரூமில் கிடந்த மெஷின்களில் இது செத்திருக்கும். ராம் போடுவதற்காகப் பிளக்கைக் கழற்றுகிறோம், பற்றரியும் இல்லாதபடியால் எல்லா ஒழுங்கும் அழிந்துபோகிறது. திரும்பப் போட்டால் திகதி பல வருசம் பின்னால் நிற்கும், துவக்க வரிசை மாறியிருக்கும். டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐ என்று இருந்தது ரெயிட் என்று மாறியிருந்தால் வின்டோஸ் நீலத் திரையோடு விழும். ராம் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள், பழுதானது மணிக்கூட்டுக் கடையில் விற்கிற ஒரு சின்னப் பற்றரி! மாற்றிவிட்டு, திகதியைச் சரியாக்கி, அந்த ஒழுங்கை முந்தி இருந்தபடி வைத்தால் போதும். திகதி பிழையாக இருந்தால் இணையத்தளங்களும் ஒழுங்காகத் திறக்காது, அதையும் சேர்த்து ஞாபகம் வையுங்க.

இதுவரைக்கும் சொன்னது காசு விரயம். இனிச் சொல்லப் போவது காசு கொடுத்தாலும் திரும்பி வராத விடயம்.

நம்ம மரண உதவிச் சங்கத்துக் கணக்கைக் கம்பியூட்டரில் எழுதி வந்த ஒரு தம்பி, எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, தானே வின்டோஸ் போட்டான். கெட்டிக்காரப் பிள்ளை. பழைய டிஸ்க்கும் உள்ளேயே பூட்டியிருந்தது. வின்டோஸ் போடும்போது எந்த டிஸ்க்கில் போட வேண்டும் என்று கேட்கும். பேர் ஒன்றும் இருக்காது, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் இருக்கும். அவன் 0 என்பதைப் புதியது என்று நினைத்து, அதில் இருந்த பகுதிகளை எல்லாம் அழித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டான். மெஷின் எழும்பியது, ஆனால் முந்திய மாதிரியே மெதுவாக. இரண்டு கிழமைக்குப் பிறகுதான் சங்கத்துக் கணக்கைத் தேடினான். அதற்குள் மேலே மேலே எழுதியாச்சு. நாலு வருசச் சந்தாக் கணக்கு. பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் தலைவரிடம் இருந்தபடியால் அண்ணனும் தங்கையுமாக இருந்து திரும்ப எழுதினார்கள். ஆனால் அந்த வீட்டு அப்பாயியின் படங்கள் அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. அந்தக் கிழவி போய் ஒரு வருசம்கூட ஆகவில்லை.

ஆகவே இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. புதிய எஸ்எஸ்டியில் வின்டோஸ் போடும்போது பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்க. உள்ளே ஒரு டிஸ்க்தான் இருந்தால் பிழைவிட வழியே இல்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டும் பூட்டியிருக்கும்போது, வின்டோஸ் எஸ்எஸ்டியில் இறங்கினாலும் அதைத் துவக்கும் சின்னப் பகுதி பழைய டிஸ்க்கில் போய் இருந்துகொள்வதுண்டு. பிறகு ஒரு நாள் பழையதைக் கழற்றினால், புதியதும் எழும்பாது. ஏன் என்று தெரியாமல் மண்டையைப் போட்டு உடைப்போம். கழற்ற முடியாத நிலை என்றால் அளவைப் பாருங்க. 500 ஜீபீ என்று விற்ற டிஸ்க் திரையில் 465 அளவில் காட்டும், 240 ஜீபீ எஸ்எஸ்டி 223 அளவில் காட்டும். களவு ஒன்றும் இல்லை, எண்ணும் முறை வேறு. தப்பித் தவறி அழித்துவிட்டால் அந்த நிமிசமே மெஷினை நிறுத்துங்க. மேலே ஒன்றும் எழுதப்படாமல் இருந்தால் மீட்டு எடுக்க ஒரு வழி இருக்கலாம்.

வின்டோஸ் தொடர்ந்து எழும்ப முடியாமல் போனால், தானாகவே திருத்தும் திரை ஒன்றைக் காட்டும். அதில் துவக்கத்தைத் திருத்தும் வழியைத் தெரியலாம். ஆனால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ஒரு வழியும் அங்கேயே பக்கத்தில் இருக்கும். அதை அமத்தக் கூடாது. கடையிலும் அப்படித்தான், "போர்மட் அடிச்சா சரியாகும்" என்பார்கள். சரியாகும்தான், பிள்ளையின் நோட்ஸும் சேர்ந்து போகும். "முதலில் பைல்களை எடுத்துத் தாங்க, பிறகு அடிங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.

மடிக்கணனிக்காரருக்கு ஒன்று. சில மெஷின்களில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் என்ற பூட்டு போட்டிருக்கும். சாதாரண நாளில் அது இருப்பதே தெரியாது. பயோஸை மாற்றினால், சில சாமான்களை மாற்றினால், திடீரென்று 48 இலக்கத் திறவுகோல் ஒன்றைக் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கு? கம்பெனியில் இருந்து வந்த மெஷின் என்றால் அந்தப் பழைய முதலாளியின் கணக்காகவும் இருக்கலாம். அப்படியானால் அதில் வைத்ததெல்லாம் பூட்டின அறைக்குள் மாட்டின மாதிரி. கையை வைக்க முந்தியே செட்டிங்ஸில் பார்த்து, பூட்டு இருந்தால் திறவுகோலை எழுதி வையுங்க. கம்பியூட்டருக்குள் இல்லை, கொப்பியில்.

பைல்களைப் பென் டிரைவுக்கு எடுப்பது, வயர்கள் இருந்தபடி போனால் படம் பிடிப்பது, இவை திறக்க முந்திச் செய்ய வேண்டியவை. ராமும் எஸ்எஸ்டியும் ஒரே நாளில் வாங்கி வந்தாலும் ஒரே தடவையில் இரண்டையும் போடாதீங்க. முதலில் ராம். போட்டு, எழுப்பிப் பார்த்து, நிறுத்தி, பிறகு எஸ்எஸ்டி. இரண்டையும் சேர்த்துப் போட்டு எழும்பாவிட்டால் எதைச் சந்தேகிப்பது? கழற்றிய பழைய சாமானையும் எறியவோ விற்கவோ வேண்டாம், குறைந்தது ஒரு மாசமாவது வீட்டில் கிடக்கட்டும். அதைப் போட்டுப் பார்த்துத்தான் மெஷின் நல்லதா என்று அறிய முடியும்.

இவ்வளவும் பார்த்தும் எழும்பவில்லை என்றால் டவுனுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அப்போது வெறும் பெட்டியை மட்டும் கொண்டுபோகாதீங்க. என்றைக்கு என்ன போட்டீர்கள், கழற்றிப் பார்த்தபோது என்ன நடந்தது, எத்தனை பீப் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்க. பழைய சாமானையும் கையோடு கொடுங்க. எதை மாற்றினாலும் கழற்றியதைத் திருப்பித் தரச் சொல்லுங்க, செலவை முன்கூட்டி எழுதித் தரச் சொல்லுங்க. தோட்டத்து ஆட்கள் இப்படி எல்லாம் கேட்கலாமா என்று ஒரு அம்மா எங்களிடம் கேட்டார்கள். காசு உங்கள் காசு, ஏன் கேட்கக் கூடாது?

நிலையத்தின் அலுமாரியில் நல்ல ஸ்க்ரூட்ரைவர் செட் ஒன்றும், சோதித்துப் பார்க்க டீடீஆர் 3, டீடீஆர் 4 ராம் ஒவ்வொன்றும், இரண்டு புதுப் பற்றரியும் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிறகு யாரும் பெட்டியைக் கொண்டுவரலாம். சாமானை வெளியே கொடுப்பதில்லை, இங்கேயே வைத்துப் பார்க்கணும். தகவல் தொழில்நுட்பம் படிக்கிற தரம் 10, 11 பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அவர்களுக்கும் படிப்பு.

ஆறாம் நம்பர் லயத்து மெஷின் இன்னும் எழும்பவில்லை. ராமைக் கழற்றிப் பார்த்தாச்சு, பற்றரியும் மாற்றியாச்சு. சுவிட்சைப் போட்டால் காற்றாடி அரைச் சுத்துச் சுத்தி நிற்கிறது. பவர் சப்ளையில் சந்தேகம். அதே மாதிரி டெல் பெட்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது அடுத்த ஞாயிறு ஒரு மணித்தியாலம் உங்களுடையதைக் கொண்டுவந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து மாற்றிப் பார்த்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் பேரைத் தாங்க.